சகலை ஏறி இறங்கிய நாற்காலி

பொறாமையே இல்லாத மனிதர்கள் இருக்கிறார்கள் என்கிறார்கள். இருக்கலாம். அவர்களுக்குச் சகலை இருக்க மாட்டார்.

எனக்கு இருக்கிறார். பெயர் பிரகாஷ். என் மனைவி மல்லிகாவின் தங்கை கவிதாவைக் கட்டியவர். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று நாலு வருஷமாகக் கேட்கிறேன். அவரும் சலிக்காமல் சொல்கிறார். எனக்குத்தான் பிடிபடவில்லை. (மற்றவர்கள் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார்களா என்று இவர் கம்ப்யூட்டரில் பார்ப்பாராம். நல்ல பிழைப்பு.)

என் வேலை யாருக்கும் புரியும். செஞ்சியில் மோட்டார் காயில் கட்டுகிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார், எது எரிந்து வந்தாலும் பழைய செம்புக் கம்பியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். ஓடும். கையில் எப்போதும் வார்னிஷ் வாசனை. பேச்சு கம்மி. மோட்டாரிடம் என்ன பேசுவது.

சகலை வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் மாமியார் வீட்டுக்கு நான் ஒருவன்தான் மருமகன். வீடு அவலூர்பேட்டையில். நான் போனால் டேபிள் ஃபேன் என் பக்கம் நிற்கும். ஈரல் எனக்கு. முதல் இலை எனக்கு. ராஜா என்று சொல்ல மாட்டேன். தாசில்தார் என்று சொல்லலாம்.

பிரகாஷ் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஃபேன் இரண்டு பக்கமும் சுற்ற ஆரம்பித்தது. சரி என்று விட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கமே நின்றுவிட்டது. “ஏதோ கோளாறு மாப்ள” என்றார் மாமியார். நான் மோட்டார்காரன். அதில் ஒரு கோளாறும் இல்லை. ஃபேன் திரும்பாமல் நிற்க, அதன் கழுத்தில் இருக்கும் குமிழை யாரோ தூக்கிவிட்டிருந்தார்கள்.

கெட்டவராக இருந்தால் எனக்கு சௌகரியம். திட்டலாம். அவர் நல்லவர். குடிக்க மாட்டார். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். சிரிக்கவும் வைப்பார். அவர் ஏதாவது சொன்னால் மல்லிகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. (நான் அப்படி எதையும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.)

போன வருஷம் திருவண்ணாமலை ரோட்டில், பழைய ரைஸ் மில் இருந்த இடத்தில், ஒரு குட்டி தியேட்டர் திறந்தார்கள். மொத்தமே இருபத்திநாலு சீட். பட்டனை அமுக்கினால் சீட் கட்டில் மாதிரி நீண்டுவிடும். கேட்டதை இருட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள். படுத்துக்கொண்டே படம் பார்க்கலாம், பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஊரே அதைப் பற்றிப் பேசியது. போனவர்கள் கம்மி. பேசியவர்கள் அதிகம்.

ஒருநாள் மல்லிகா கடைக்கு வந்தாள்.

“கவிதாவுக்கு ஞாயித்துக்கெழம கல்யாண நாளாம். நாம நாலு பேரும் அந்த தியேட்டருக்குப் போலாம்னு அவரு சொல்றாரு. டிக்கெட்டுகூட போட்டுட்டாராம்.”

“எந்த தியேட்டரு?”

“படுத்துக்கினு பாக்கறாங்களே, அது. சோறும் குடுக்கறாங்களாம்.”

“ஊட்லயே படுத்துக்கினு சோறு துன்னலாமே.”

“துன்னலாம். பன்னெண்டு வருஷமா அதத்தான் பண்ணிக்கினு இருக்கறோம்.” கொஞ்ச நேரம் நான் கம்பி சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். “ஒரு படத்துக்கு கூட்டிக்கினு போயிருக்கியா நீ?”

(ஆள் இருந்தால் ‘ஏங்க’. தனியாக இருந்தால் ‘நீ’. எங்கள் வீட்டுச் சட்டம்.)

போயிருந்தால் அல்லவா சொல்வதற்கு.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டோம். மல்லிகா ரோஸ் கலரில் ஒரு புடவை கட்டினாள். தலை நிறைய மல்லி வைத்தாள். கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். எனக்காக இல்லை, தியேட்டருக்காக. அந்தக் கட்டடத்தின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

காரில் கூட்டிப் போக சகலை வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மொபெட்டில் போனோம். வாசலிலேயே நின்றிருந்தார். பூப்போட்ட சட்டை. பத்தடி தூரத்துக்கு சென்ட் வாசனை.

“வாங்கண்ணா, வாங்க. அண்ணி, சூப்பரா இருக்கீங்க. புடவை புதுசா?”

“ஆமா தம்பி. பொங்கலுக்கு எடுத்தது. இன்னிக்கிதான் கட்டறேன்.” மல்லிகாவின் முகம் மலர்ந்தது.

புதுசு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே போனோம். ஒரே ஏசி. தரை எங்கள் வீட்டு மெத்தையைவிட மெத்தென்று இருந்தது. செருப்போடு மிதிக்க மனசு வரவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். “அண்ணா, போட்டுக்கோங்க, பரவால்ல” என்றார் சகலை. மல்லிகா வேறு பக்கம் பார்த்தாள். சுவரில் பெரிய பெரிய படங்கள். எல்லாம் எங்கள் ஊர்க் கோட்டை. தினம் கடை வாசலில் நின்றால் தெரியும் மலையையே ஃபோட்டோ எடுத்து எங்களுக்கே மாட்டி வைத்திருந்தார்கள்.

நாலு சீட் வரிசை. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். மல்லிகா, அடுத்தது கவிதா, அடுத்தது சகலை, கடைசியில் சுவரோரமாக நான். பஸ்ஸில் ஸ்டெப்னி வைக்கிற இடம் மாதிரி.

கருப்புச் சட்டை போட்ட பையன் ஒருவன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். மூத்த மருமகனைக் கேட்கவில்லை. நேராக சகலையைத்தான் கேட்டான். அவர் சரசரவென்று சொன்னார். சூப், பனீர், பிரியாணி. சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தார்.

“அண்ணி, உங்களுக்கு காரம் கம்மியா சொல்லிடறேன். அன்னிக்கி அத்தை வீட்ல பாத்தேன், தண்ணியா குடிச்சிக்கிட்டு இருந்தீங்க.”

“ஆமா தம்பி, எனக்கு காரம் ஆவாது.”

பன்னிரண்டு வருஷம். எங்கள் வீட்டில் குழம்பு கண்ணில் தண்ணீர் வர வைக்கும். எனக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று அவள் வைக்கிறாள். அவளுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாது. இந்த மனிதருக்கு ஒரே சாப்பாட்டில் தெரிந்திருக்கிறது.

“அண்ணா, உங்களுக்கு?”

“எனக்கு ஒண்ணும் வேணாம்.”

(நல்ல பசி. மத்தியானம் ஏசியில் கொடுக்கும் சாப்பாட்டுக்காக வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன்.)

அப்போது எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு முடிவதற்குள் மல்லிகா ஒரு தடவையாவது என் பக்கம் பார்த்து, எனக்கு இவன் போதும் என்று நினைக்க வேண்டும். அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. செய்தது வேறு.

விளக்கை அணைத்தார்கள். எல்லோரும் பட்டனை அமுக்கினார்கள். இருபத்து மூன்று சீட்டும் மெதுவாகப் பின்னால் சாய்ந்து, கால் பலகை மேலே வந்து, எல்லோரும் படுத்துவிட்டார்கள். நானும் அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அமுக்கினேன். என் சீட் செத்துப் போயிருந்தது.

ஹால் முழுக்கப் படுத்திருக்க, நான் மட்டும் ஆபீசில் மனு கொடுக்க வந்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. “அண்ணே, தலை மறைக்குது. கொஞ்சம் படுங்களேன்.”

“எனக்கு இதான் பழக்கம்” என்றேன்.

“சகல, சீட்டு வேலை செய்யலியா? பையனைக் கூப்பிடட்டா?”

“வேணாம்.”

மோட்டார்காரன் உட்கார்ந்த சீட்டில் மோட்டார் ஓடவில்லை. அதைச் சரி செய்ய இன்னொருத்தனைக் கூப்பிடுவதா. அதுவும் சகலை கூப்பிடுவதா. செருப்பைத் தேடுவது போலக் குனிந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் கையை விட்டேன்.

கைக்குக் கண் தேவையில்லை. ஒரு நிமிஷத்தில் விவரம் தெரிந்துவிட்டது. சின்ன கரண்ட்தான், ஷாக் அடிக்காது. பட்டனிலிருந்து ஒரு வயர் இறங்குகிறது. அதன் முனையில் ஒரு ஜாக். ஜாக் மோட்டாரில் சொருகியிருக்கிறது. இதே போல சகலைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என்னுடைய வயர் ஜாக்கிலிருந்து பிய்ந்துபோய்த் தொங்கியது. அவ்வளவுதான் கோளாறு. என் வயரை என் ஜாக்கில் சேர்த்துக் கட்டினால் வேலை முடிந்தது.

அந்த நேரம் பார்த்து சகலை படத்தின் கதாநாயகனைப் பற்றி ஏதோ சொன்னார். மல்லிகா சிரித்தாள். அந்தக் குலுங்கல் சிரிப்பு. வரிசையே அதிர்ந்தது.

என் கை தானாகப் போனது என்று சொல்ல ஆசை. இல்லை. நான்தான். சகலையின் வயரைப் பல்லால் கடித்துத் துண்டித்தேன். என் வயரை எடுத்து அவர் ஜாக்கில் சேர்த்து முறுக்கினேன். பாக்கெட்டில் எப்போதும் காயில் கட்டும் நூல் இருக்கும். அதைச் சுற்றி மூன்று முடிச்சு போட்டு இறுக்கினேன். டேப் ஒட்டினால் சூட்டில் கழன்றுவிடும். நூல் கழலாது. செஞ்சி தாலுகாவில் நான் மட்டும்தான் இப்படிக் கட்டுவேன். தப்பான வேலையைக்கூட ஒழுங்காகத்தான் செய்தேன்.

நிமிர்ந்தேன். சூப் வந்திருந்தது. சகலை கொஞ்சம் சாய்ந்தவாக்கில் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனார்.

என் பட்டனை அமுக்கினேன்.

அவர் சீட் விருட்டென்று நிமிர்ந்தது. சூப் மூக்கில் ஏறியது.

“என்னங்க?” என்றாள் கவிதா.

“தெரியலம்மா. தானா ஏறுது.” தும்மினார்.

விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, அவர் பனீரைக் குச்சியில் குத்தும்போது இறக்கினேன். மல்லாந்தார். பனீர் பின் வரிசைக்குப் போனது. “அய்யோ சாரி சார், சாப்பிட்றாதீங்க, என்னுது” என்று படுத்துக்கொண்டே பின்னால் சொன்னார்.

பின் வரிசை சிரித்தது. கவிதா சிரித்தாள். மல்லிகா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இங்கேதான் என் கணக்கு தப்பியது. அவர் அசிங்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதையே வேடிக்கை ஆக்கிவிட்டார். ஏற்றினால், “சகல, எனக்கு பதவி உயர்வு” என்றார். இறக்கினால், “பதவி போச்சு” என்றார். ஹாலில் பாதிப் பேர் படத்தை விட்டுவிட்டு இவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் ஆட்ட ஆட்ட அவருக்குப் புகழ் கூடிக்கொண்டே போனது. அந்தப் புகழைத் தாங்க முடியாமல் நான் இன்னும் ஆட்டினேன். நெய் ஊற்றி நெருப்பு அணைக்கிற வேலை. தெரிந்தேதான் ஊற்றினேன்.

பிரியாணி வந்தது. சீட்டோடு ஒரு குட்டி மேசை இருக்கும், சாப்பிடும்போது நெஞ்சுக்கு நேராக இழுத்து வைத்துக்கொள்ளலாம். சகலை படுத்தவாக்கில் மேசையை இழுத்து வைத்துக்கொண்டார். நான் ஏற்றினேன். அவர் கால் பலகை மேசையின் தண்டில் மாட்டிக்கொண்டது. மோட்டார் முனகியது. அந்த முனகல் எனக்குத் தெரியும். உடனே பட்டனை விட்டுவிட வேண்டும்.

சரியாக அப்போது மல்லிகா எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, நீங்க ஒண்ணும் சாப்பிடலியா?”

இரண்டு மணி நேரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி உடம்பு விறைத்துவிட்டது. கட்டை விரலும் சேர்ந்து விறைத்துவிட்டது. பட்டனின் மேல்.

முனகல் நின்றது. சுவரில் ஏதோ ‘டப்’ என்றது. லேசாகக் கருகல் வாசனை. மற்றவர்களுக்கு அது பிரியாணி வாசனையில் மறைந்திருக்கும். எனக்கு மறையாது.

அடுத்த நிமிஷம் அங்கங்கே குரல் கேட்டது. “பட்டன் வேலை செய்யலப்பா.” “எனக்கும்.” “ஏங்க, எழுந்திருக்க வரல.” ஹால் முழுக்க எல்லா சீட்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்து லைன் கொடுத்திருக்கிறார்கள். (யார் செய்த வேலையோ. நான் செய்திருந்தால் வரிசைக்கு ஒன்று வைத்திருப்பேன்.) ஹாலே மல்லாந்து கிடந்தது. மேலே தட்டு. தட்டில் சோறு. படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். பெரியாஸ்பத்திரி வார்டில் நுழைந்த மாதிரி இருந்தது. நேராக உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவன் மாதிரி.

வாலிபர்கள் ஊர்ந்து இறங்கிவிட்டார்கள். மல்லிகாவும் கவிதாவும்கூட. முன் வரிசையில் நெல் மண்டிக்காரர் ஒருவர் இருந்தார். கனமான உடம்பு. அவரால் முடியவில்லை.

“யாராவது தூக்குங்கப்பா என்னை. இல்லன்னா சோத்தையாவது ஊட்டி வுடுங்க.”

டை கட்டிய மேனேஜர் ஓடிவந்தார். “சாரி சார், சாரி மேடம். டெக்னீஷியன் சென்னையில இருந்து வரணும். நாளைக்கு காலையில—”

“நாளைக்கி காலீல வரைக்கும் நான் இப்டியே கெடக்கறதா?” மண்டிக்காரர் கழுத்தை மட்டும் திருப்பினார். அவர் கண் என் மேல் விழுந்தது. “தே, நம்ம மோட்டார் ஏழுமலை குந்திக்கினு இருக்காரு பாரு. ஏம்ப்பா ஏழுமல, எங்க கொல்லை மோட்டார எத்தினி தபா சரி பண்ணியிருக்க. இத பாக்க மாட்டியா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“எங்க சகல பாப்பாரு” என்றார் பிரகாஷ். மல்லாந்தபடி, சட்டையெல்லாம் சோறு. “அண்ணா, முதல்ல என்னை ரிலீஸ் பண்ணுங்க. உங்களால முடியாதது இல்ல.”

மல்லிகாவைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அப்படிப் பார்த்திருக்கிறாள். ஊர் கூடியிருக்கும் இடத்தில் என் புருஷனைக் கூப்பிடுகிறார்கள் என்கிற பார்வை. நான் கேட்டது அதைத்தான். கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

எழுந்தேன். எழுந்ததும் ஒன்று உறைத்தது. முதலில் அந்த முடிச்சை யாரும் பார்க்காமல் அறுக்க வேண்டும். சட்டென்று குனிந்தேன்.

“இருங்க, லைட்டு காட்டறேன்” என்று மல்லிகா ஃபோனோடு வந்து உட்கார்ந்தாள். வீட்டில் ஃபியூஸ் போனால் அவள்தான் வெளிச்சம் காட்டுவாள். பழக்கம்.

“வேணாம். தெரியுது.”

“இன்னா தெரியுது, இருட்டா இருக்குது.”

காட்டினாள். வெளிச்சம் நேராகப் போய் அந்த ஜாயிண்டின் மேல் விழுந்தது. வெள்ளை நூல். மூன்று முடிச்சு. எங்கள் வீட்டு மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, எல்லாவற்றிலும் இருக்கும் அதே முடிச்சு. மற்றவர்கள் கையெழுத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி அவள் என் முடிச்சைக் கண்டுபிடிப்பாள்.

வெளிச்சம் ஆடாமல் நின்றது.

“இது யாரு கட்டுனது?” மெதுவாகக் கேட்டாள்.

கட்டிங் பிளேயர் இல்லாததால் முடிச்சை அறுக்கப் பல்லைக் கொண்டு போனேன்.

“மூணு முடிச்சு இருக்குது.”

“லைட்ட கீழ காட்டு.”

கீழே காட்டவில்லை. மேலே திருப்பி என் முகத்தில் அடித்தாள். கண் கூசியது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு அது ஒரு முழுப் படம் நீளத்துக்கு இருந்தது. என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். அவள் பத்தாவது படித்தவள், படித்துவிட்டாள்.

தலைக்கு மேல் மேனேஜர் குனிந்தார். “என்ன ப்ராப்ளம் மேடம்?”

அவள் வாயைத் திறந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சகலை மேலே படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். கவிதா நிற்கிறாள். மண்டிக்காரர் இருக்கிறார். நாளைக்குப் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும்.

“எலி” என்றாள் மல்லிகா.

“எலியா?”

“எலிதான். வயர கடிச்சி வெச்சிருக்குது. பல்லு தடம் தெரியுது பாருங்க.” கொஞ்சம் நிறுத்தி, “பெரிய எலி” என்றாள்.

பல் தடம் இருந்தது உண்மைதான்.

வெளிச்சம் கீழே வந்தது. நூலை அறுத்து, சகலையின் வயரை அவர் ஜாக்கிலேயே சேர்த்தேன். கால் பலகையை மேசைத் தண்டிலிருந்து விடுவித்தேன். சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து ஃபியூஸை மாற்றினேன். மொத்தம் பத்து நிமிஷம். என் சீட்டை அப்படியே விட்டுவிட்டேன். அதற்குத் தகுதி இல்லை எனக்கு.

எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினார்கள். மண்டிக்காரர் மெதுவாக எழும்பி நிமிர்ந்தார், தேர் நிலையிலிருந்து கிளம்பும்போது இருக்கும் கம்பீரத்தோடு. கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். சகலை வந்து சோற்றுச் சட்டையோடு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “எங்க சகல” என்று ஹால் முழுக்கச் சொன்னார். ஃபோனை நீட்டி இரண்டு பேரையும் படம் எடுத்தார். அந்தப் படம் இன்றைக்கும் அவர் ஃபோனில் முன்னால் இருக்கிறது. அவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். நான் போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த படம் மாதிரி இருக்கிறேன்.

கை தட்டாதவள் மல்லிகா மட்டும்தான்.

மிச்சப் படம் எனக்குத் தெரியாது. நடுவில் அவள் கவிதாவின் காதில் ஏதோ சொன்னாள். கவிதா திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டாள், முடிந்தது என்று நினைத்தேன். கவிதா ஒரு தட்டை நீட்டினாள்.

“மாமா, அக்கா உங்களை சாப்பிடச் சொல்லுது.”

வாங்கிச் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

முடிந்து வெளியே வந்தோம். மொபெட்டில் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்ட் தாண்டும் வரை அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு அது வழக்கம். அவளுக்கு வழக்கம் இல்லை.

நானே ஆரம்பித்தேன். “எலின்னு எதுக்கு சொன்ன?”

“வேற இன்னா சொல்றது? எம் புருஷன்னு சொல்லவா?”

வண்டி கொஞ்ச தூரம் போனது.

“அவரு இன்னா பண்ணாரு உன்ன?”

“ஒண்ணும் பண்ல.”

“அப்பறம்?”

“நீ சிரிச்ச.”

பின்னாலிருந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“அதுக்கா?”

“ம்.”

“நான் சிரிக்கறனா இல்லியான்னு பன்னெண்டு வருஷத்துல நீ பாத்திருக்கியா?”

பார்த்ததில்லை. வேறு ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கேட்டேன்.

“காரம் ஆவாதுன்னு எங்கிட்ட சொல்லலியே?”

“நீ கேக்கலியே.”

கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் முதுகில் சாய்ந்தது. முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் நான் செய்த ஒரே பெரிய காரியம், கல்யாண நாள் விருந்தில் ஒரு மனிதரை ஏற்றி இறக்கி, பெண்டாட்டியை நடு ரோட்டில் அழ வைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.

அழவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு விட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சூப்பு... மூக்குல ஏறுச்சே... அது நீயா?”

“ம்.”

“பனீரு?”

“நான்தான்.”

“எத்தினி வாட்டி ஏத்தி எறக்குன?”

“எண்ணல. பதினஞ்சு இருக்கும்.”

“பதினஞ்சா” என்று சொல்லிவிட்டு அப்படியே வண்டியிலிருந்து இறங்கி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தலையில் இருந்த மல்லி பாதி சரிந்து தொங்கியது. போகிற லாரிக்காரன்கூட வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான். சகலையின் எந்த ஜோக்குக்கும் அவள் இவ்வளவு சிரித்ததில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. அந்த தியேட்டரில் இன்றைக்கும் மூலைக்கு ஒரு எலிப்பொறி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு மெத்தென்ற தரை, கண்ணாடி மாதிரி சுவர், மூலையில் மசால் வடை சொருகிய பொறி. சீட் கோளாறானால் மேனேஜர் எனக்குத்தான் ஃபோன் போடுகிறார். போனால், “எலி இன்னும் மாட்டல அண்ணா” என்கிறார். “மாட்டாது” என்பேன். “ரொம்ப தந்திரமா?” என்பார். “தந்திரம் இல்ல. வெட்கம்” என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

அவலூர்பேட்டையில் குடும்பம் கூடினால் சகலைக்குச் சொல்ல இந்த ஒரு கதைதான். புதிதாக யார் வந்தாலும் உட்கார வைத்துச் சொல்வார். அவர் எழுவது, விழுவது, பனீர் பறப்பது, எல்லாம் நடித்துக் காட்டுவார். எலி சொல்லச் சொல்லப் பெரிதாகிக்கொண்டே வருகிறது. போன தீபாவளிக்கு முழங்கை நீளம் இருந்தது. நான் வந்து அத்தனை பேரையும் காப்பாற்றிய இடத்தில் என் தோளில் கை போட்டுக்கொள்வார். அந்த இடத்தில் எனக்குச் சோறு இறங்காது.

கதையின் கடைசியில் எப்போதும் மல்லிகாவைத்தான் கேட்பார்.

“ஹால்ல அத்தனை சீட்டு இருக்கு அண்ணி. அந்த எலிக்கு எம்மேல மட்டும் என்ன கோவம்?”

“கோவம் இல்ல தம்பி” என்பாள் மல்லிகா, எனக்குக் குழம்பை ஊற்றியபடி. “பொறாமை.”

வீடே சிரிக்கும். சகலைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார். (சிரிக்கட்டும். இதை அவர் படிக்கிற வரைக்கும்தானே.)